அண்ணா நீட்டிய தாளும் செலொபுகாதின் ஐந்து பெண்மக்களும்

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன், தங்கச்சி. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் அப்பா பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மாவின் 31ஆம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரியண்ணா ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். உங்கள் உரித்தை அண்ணன்மார் இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக எழுதிய நன்கொடை உறுதியின் வரைவு அது. நீங்கள் தயங்கியபோது அவர் மூன்று காரணம் சொன்னார். உனக்குச் சீதனம் கொடுத்தாயிற்று. வேதாகமத்தில் ஆண்பிள்ளை இருக்கப் பெண்பிள்ளைக்குப் பங்கு கிடையாது. சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லி வந்தவனை இயேசுவே திருப்பி அனுப்பினார். பங்கு கேட்டால் நான் பாவம் செய்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பதில் முடியும் வரைக்கும் நீங்கள் நெஞ்சில் பாரத்தோடு வாசிக்கக் கூடாது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் உறுதி எழுதும் வேலை பார்த்தவள். அதே காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வியும் படிப்பித்தேன். கிழமை நாட்களில் அக்கா தங்கச்சிமார் வரிசையாக வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவதைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதே பெண்களின் பிள்ளைகளுக்கு, கடவுள் நீதியுள்ளவர் என்று சொல்லிக்கொடுப்பேன். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

அண்ணாவின் இரண்டாவது காரணத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களை அதிகம் உலுக்கியது அதுதான் என்று தெரிகிறது.

எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தை எடுங்கள். இஸ்ரயேலர் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் இன்னும் காலடி வைக்கவில்லை. ஆண்களை எண்ணிக் கணக்கெடுத்தாயிற்று, அந்தக் கணக்கின்படிதான் காணி பிரியப் போகிறது. அப்போது மனாசே குலத்துச் செலொபுகாது என்பவரின் பெண்மக்கள் ஐந்து பேர் சந்திப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வருகிறார்கள். மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. வாசலில் மோசே நிற்கிறார், குரு எலயாசர் நிற்கிறார், தலைவர்கள் நிற்கிறார்கள், முழுச் சபையும் நிற்கிறது. அத்தனை பேருக்கும் முன்னால் இந்தப் பெண்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். எங்கள் அப்பா பாலைநிலத்தில் இறந்துபோனார், கோராகோடு சேர்ந்து கலகம் செய்தவர்களில் அவர் இல்லை, அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, அதற்காக அவருடைய பெயர் அற்றுப்போக வேண்டுமா, அப்பாவின் சகோதரர்களோடு எங்களுக்கும் காணி தாருங்கள் என்கிறார்கள்.

நொத்தாரிசு கந்தோரில் இருந்தவளுக்கு இதை வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படும். அவர்கள் அழவில்லை, கெஞ்சவில்லை. தகப்பன் யார், எப்படி இறந்தார், காணியைப் பறிமுதல் செய்ய இடமிருக்கிறதா, வாரிசு யார், என்ன வேண்டும் என்று ஒரு மனுவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாலு வசனத்தில் அடுக்கிவிட்டார்கள்.

மோசேக்கு விடை தெரியவில்லை. அவர் அவர்களை அதட்டவும் இல்லை, வீட்டில் ஆண்கள் இல்லையா என்று கேட்கவும் இல்லை. வழக்கைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். கையால் எழுதப்படும் எபிரேயச் சுருள்களில் இந்த வசனத்தில் ஒரு விசேஷம் உண்டு. ‘அவர்களுடைய வழக்கு’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதுவது மரபு. அந்த எழுத்துத்தான் அவர்கள் பெண்கள் என்பதைக் காட்டும் விகுதி. ஏன் பெரிதாக எழுதினார்கள் என்பதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைத்தார்களே, அது போதும்.

கடவுளின் மறுமொழி சின்னது. செலொபுகாதின் பெண்மக்கள் சொல்வது சரி, அவர்களுக்குக் காணி கொடு. அந்த ஒரு வழக்கிலிருந்து முழு நாட்டுக்கும் சட்டம் பிறக்கிறது. மகன் இல்லாவிட்டால் மகளுக்கு, மகளும் இல்லாவிட்டால் சகோதரருக்கு என்று ஒழுங்கு போகிறது. பெண்கள் கேட்டதால் மோசேயின் சட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது என்பது மறைநூலே சொல்லும் செய்தி.

அண்ணா இங்கேதான் விரலை வைப்பார்: மகன் இல்லாவிட்டால்தானே மகளுக்கு? ஆம், அங்கே எழுதியிருப்பது அப்படித்தான். 36ஆம் அதிகாரத்தில் இன்னொரு கட்டுப்பாடும் வருகிறது. காணி வேறு குலத்துக்குப் போய்விடும் என்று உறவுக்காரர் முறையிட, அந்தப் பெண்கள் தங்கள் குலத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. அவர்கள் சித்தப்பா பெரியப்பாமாரின் பிள்ளைகளைக் கட்டினார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் கத்தோலிக்கர் நாங்கள் ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கி எடுத்துச் சட்டப் புத்தகத்தின் பிரிவு மாதிரி நீட்டுவதில்லை. இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடு 1965இல் வந்தது. பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு, ஆனாலும் கடவுள் மக்களைப் படிப்படியாகப் பயிற்றுவித்த விதத்தை அவை காட்டுகின்றன என்று அது 15ஆம் பத்தியில் சொல்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் புனித தோமா அக்குவினாஸ், பழைய சட்டத்தின் நீதிமுறை விதிகள், அதாவது காணி, கடன், தண்டனை பற்றியவை, கிறிஸ்துவின் வருகைக்குப் பின் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று தெளிவாக எழுதிவிட்டார். இயேசுவே மோசேயின் சட்டத்தை எப்படி வாசித்தார் என்று பாருங்கள். மணவிலக்குப் பற்றிக் கேட்டபோது, உங்கள் கடின உள்ளத்தின் பொருட்டே மோசே அப்படி அனுமதித்தார், தொடக்கத்தில் அவ்வாறு இல்லை என்றார். எண்ணிக்கை 27இல் கொட்டாஞ்சேனை வீட்டுக்கான விதியைத் தேடக் கூடாது. கடவுள் எந்தப் பக்கமாக நகர்கிறார் என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும். மகளுக்கு ஒன்றுமே இல்லை என்றிருந்த இடத்தில், மகள் சொல்வது சரி என்கிறார்.

அந்த நகர்வு எங்கே போய்ச் சேருகிறது என்பதை யோபு நூலின் கடைசி அதிகாரத்தில் காண்கிறோம். யோபுவுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தபின் ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறக்கிறார்கள். ஏழு ஆண்களின் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. பெண்களின் பெயர்தான் இருக்கிறது: எமிமா, கெட்சியா, கெரேன் அப்பூக்கு. அவர்களுடைய தகப்பன் அவர்களுக்கு அவர்களுடைய சகோதரரோடு உரிமைச்சொத்துக் கொடுத்தான் என்று 15ஆம் வசனம் சொல்கிறது. ஏழு மகன்மார் உயிரோடு இருக்கும்போதே! எந்தச் சட்டமும் யோபுவைக் கட்டாயப்படுத்தவில்லை. துன்பத்தின் அடி வரைக்கும் போய்க் கடவுளைக் கண்டு வந்த ஒரு மனிதன், தன் பிள்ளைகளுக்கிடையில் வேறுபாடு பார்க்கவில்லை. ஆண்பிள்ளை இருக்கப் பெண்பிள்ளைக்குப் பங்கு கிடையாது என்று வேதாகமம் சொல்கிறது என அண்ணா இனிச் சொன்னால், யோபு 42:15ஐ அவருக்கு முன்னால் திறந்து வையுங்கள்.

இன்னும் இருக்கிறது. காலேபின் மகள் அக்சா, கல்யாணமாகிப் போகும்போது தகப்பன் கொடுத்த வறண்ட நிலத்தோடு திருப்திப்படாமல் கழுதையிலிருந்து இறங்கி, நீரூற்றுகளையும் தாருங்கள் என்று கேட்கிறாள். மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் வாங்கிக்கொண்டே போகிறாள் (யோசுவா 15). புரட்டஸ்தாந்தரின் வேதாகமத்தில் இல்லாமல் எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள நூல்களும் இதைப் பேசுகின்றன. தோபித்து நூலில் இரகுவேல் தன் ஒரே மகள் சாராவின் கணவனுக்குச் சொத்தில் பாதியை உடனேயே கொடுத்து, மிச்சப் பாதி நானும் என் மனைவியும் இறந்தபின் உங்களுக்கு என்கிறார். யூதித்து, கணவன் விட்டுப்போன பொன்னையும் வெள்ளியையும் வயல்களையும் கால்நடைகளையும் தானே வைத்து நடத்துகிறார். சாகும் முன் அந்தச் சொத்தைக் கணவனின் உறவினருக்கும் தன் உறவினருக்கும் தன் கையாலேயே பங்கிட்டுக் கொடுக்கிறார். சொந்தமாக இருந்ததால்தான் அவரால் கொடுக்க முடிந்தது.

சூனேம் ஊர்ப் பெண்ணின் கதையை எங்கள் ஆட்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2 அரசர்கள் 8இல் வருகிறது. பஞ்சத்துக்குப் பயந்து ஏழு வருடம் பெலிஸ்தியர் நாட்டில் போய் இருந்துவிட்டு அவள் திரும்பி வருகிறாள். வீடும் வயலும் வேறு கையில். நேரே அரசனிடம் போய் முறையிடுகிறாள். அரசன் ஓர் அதிகாரியை நியமித்து, அவளுடையதை எல்லாம் மீட்டுக் கொடு, அவள் போன நாளிலிருந்து இன்றுவரை அந்த வயல் தந்த விளைச்சலின் பலனையும் சேர்த்துக் கொடு என்கிறான். சண்டைக்காலத்தில் ஊரை விட்டு ஓடிவந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்து இருந்து, பிறகு போய்த் தன் வளவுக்குள் வேறு யாரோ குடியிருக்கக் கண்ட எத்தனை பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும் எனக்கு.

செலொபுகாதின் மக்களை விட்டுப் போகுமுன் ஒன்று. யோசுவா 17இல் அவர்களுக்குக் காணி கிடைத்தது என்று எழுதியிருக்கிறது. 1910இல் சமாரியாவில் தோண்டியபோது, எண்ணெயும் வைனும் வந்த கணக்கை மையால் எழுதிய பானையோடுகள் அகப்பட்டன. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் பொருள் வந்த பகுதிகளின் பெயர்களாக நோகாவும் ஒக்லாவும் இருக்கின்றன. திர்சா என்ற பெயரில் ஒரு நகரம் வட நாட்டுக்குத் தலைநகராகவே இருந்தது. தகப்பன் பெயர் அற்றுப்போகக் கூடாது என்று கேட்கப் போனவர்களின் பெயரே நிலத்தின் பெயராகிவிட்டது.

இனி மூன்றாவது காரணம், லூக்கா 12. கூட்டத்தில் ஒருவன், போதகரே, சொத்தை என்னோடு பங்கிட்டுக்கொள்ளும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்கிறான். என்னை உங்களுக்கு நடுவராக ஏற்படுத்தியவர் யார் என்று இயேசு கேட்கிறார். இதைச் சொல்லித்தான் பல அண்ணன்மார் தங்கச்சிமாரின் வாயை அடைக்கிறார்கள். அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். எவ்வகைப் பேராசைக்கும் இடங்கொடாதீர்கள் என்கிறார் ஆண்டவர். உடனே ஓர் உவமை வருகிறது. விளைந்ததை எல்லாம் தனக்கென்று வைத்துக்கொள்ளக் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்து, அன்றிரவே செத்துப்போன பணக்காரனின் கதை. அந்தக் கதை யாரைக் குத்துகிறது? பங்கைக் கேட்பவரையா, மற்றவரின் பங்கையும் சேர்த்துத் தன்னிடம் வைத்துக்கொள்பவரையா? கேட்பவரிடமும் பேராசை இருக்கலாம், அதை அவரவர் மனச்சாட்சியில் பார்க்க வேண்டும். ஆனால் மூன்றில் ஒன்றைக் கேட்பது பேராசை, மூன்றையும் வைத்திருப்பது பக்தி என்று இந்த வசனத்திலிருந்து யாராலும் எடுக்க முடியாது.

அதே லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நீதி கேட்டு நடுவனை விடாமல் போய்த் தட்டிய கைம்பெண்ணை ஆண்டவர் இறைவேண்டலுக்கே எடுத்துக்காட்டாக வைக்கிறார். மாற்கு 12இல், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட நேரம் செபிப்பவர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். வழக்குப் பேசுவது கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகல்ல என்று சொல்பவர்கள் இந்த இரண்டு இடத்தையும் தாண்டிப் போக வேண்டும்.

உன் அங்கியை எடுக்கிறவனுக்கு மேலுடையையும் விட்டுவிடு என்ற வசனத்தையும் சிலர் கொண்டுவருவார்கள். அது மெய்யான வசனம், புனிதமான வழி. ஆனால் அந்த வழியில் போகும்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாமே தவிர, அங்கியை எடுத்துக்கொண்டிருப்பவர் எனக்குச் சொல்ல முடியாது. மனவருத்தத்தோடோ கட்டாயத்தினாலோ கொடுக்க வேண்டாம் என்று பவுல் 2 கொரிந்தியர் 9இல் எழுதுகிறார். உங்கள் பங்கை நீங்கள் முழு மனத்தோடு அண்ணாவுக்குக் கொடுத்தால் அது கொடை. அம்மாவின் பூசை முடிந்த கையோடு, உறவுக்காரர் பார்த்திருக்க, பேனையை நீட்டி வாங்கினால் அதற்குக் கொடை என்ற பெயர் பொருந்தாது, உறுதியின் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும்.

சீதனத்துக்கு வருவோம். அண்ணா சொன்ன மூன்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது இது, ஏனென்றால் இதில் சில வேளை நியாயம் இருக்கலாம்.

எங்கள் முன்னோரிடம் சீதனம் என்பது பெண்ணுக்குக் கொடுத்த சொத்து. ஒல்லாந்தர் காலத்தில் 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுதித் தேசவழமையாகத் தொகுத்தார். 1806இல் பிரித்தானியர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அதில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்தார்கள். தாயின் சீதனம் பெண்மக்களுக்குப் போகும். சீதனம் வாங்கிப் போன மகள் பெற்றோரின் மிச்சச் சொத்தைக் கேட்க மாட்டாள். பெண் வெறுங்கையோடு போகவில்லை. வீடும் வளவும் அவள் பெயரில் இருந்தன. அந்த ஏற்பாட்டுக்கு அதற்குரிய ஒரு நியாயம் இருந்தது.

இன்று கொழும்பில் நடப்பது வேறு. உங்கள் கடிதத்தில், உங்கள் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது காசு என்றும், அது டொனேசன் என்று மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மிஞ்சியது செட்டியார் தெருவில் வாங்கிய நகை, அதிலும் பாதி அடைவில். அப்படியானால் உங்களுக்கு என்ன கொடுத்தாயிற்று? தொடக்கநூல் 31இல் இராகேலும் லேயாவும் தகப்பன் லாபானைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள். தந்தை வீட்டில் எங்களுக்கு இனிப் பங்கோ உரிமைச்சொத்தோ இருக்கிறதா, அவர் எங்களை விற்று, எங்களுக்காகக் கிடைத்த பணத்தையும் தின்றுவிட்டாரே என்கிறார்கள். எந்தப் பூசையிலும் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. கேட்க ஆசை.

அதே நேரம், அப்பா உங்கள் பெயருக்கு ஒரு வீட்டையோ காணியையோ சீதன உறுதியாக எழுதியிருந்தால், அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். நீதி இரண்டு பக்கமும் வெட்டும். இங்கே பொதுச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பெற்றோரிடமிருந்து கல்யாணத்துக்கோ வாழ்க்கையில் காலூன்றவோ மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வாங்கிய பிள்ளை, பங்கு பிரிக்கும்போது அதைப் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும், பெற்றோர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலே தவிர. கல்யாணத்துக்கு என்று மட்டும் சொல்லவில்லை, காலூன்றவும் என்கிறது. சின்னண்ணாவை லண்டனுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய காசு, பெரியண்ணாவின் கடைக்கு அப்பா போட்ட முதல், இவற்றையும் அதே மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும். ஆண்பிள்ளைக்குச் செலவழித்தால் அது கடமை, பெண்பிள்ளைக்குச் செலவழித்தால் அது பங்கு என்று கணக்கு எழுதுகிறோமே, அந்த இடத்தில்தான் எங்கள் வீடுகளில் அநியாயம் தொடங்குகிறது.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேசவழமைக்கு உட்படாத தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மிச்சப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வேறுபாடு அதில் இல்லை. உங்கள் விஷயத்தில், அப்பாவும் எழுதவில்லை, அம்மாவும் எழுதவில்லை என்றால், அம்மாவுக்குப் போன பாதியும் உங்கள் மூவருக்கும் வந்துவிடும். ஆளுக்கு மூன்றில் ஒன்று. உங்கள் குடும்பம் வடக்கில் நிரந்தர வதிவிடம் உள்ள குடும்பம் என்றால் தேசவழமை உங்களைத் தொடர்ந்து கொழும்புக்கும் வரும், கத்தோலிக்கர் என்பதால் அது விலகாது. அப்போது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தையும் 1947இன் திருத்தத்தையும் பார்க்க வேண்டும். சீதனம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது அங்கே முக்கியமாகும். மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் அங்கேதான் இருக்கிறது. அது இன்னும் இருப்பது எனக்கு வருத்தம். எங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. 16ஆம் உறுப்புரை, முன்பே இருந்த சட்டங்கள் அதற்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. இடையில் அகப்பட்டது பெண்கள்.

பத்து வருடமாக நான்தான் வீட்டில் இருக்கிறேன், வீடு எனக்கே என்று பெரியண்ணா சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். கூட்டு உரித்தாளர்களில் ஒருவர் இருந்தால் அது எல்லாருக்காகவும் இருப்பதாகத்தான் கொள்ளப்படும். மற்றவர்களின் உரித்தை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதைக் காட்டாமல் வெறும் பத்து வருடம் போதாது என்று 1911இலேயே, அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் ஓர் இலங்கை வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் இனியும் சும்மா இருக்க வேண்டாம். மறுப்பை அவர் வாயால் சொல்லத் தொடங்கிவிட்டார்.

திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். இன்றைய உலகில் திருச்சபை என்ற சங்க ஏட்டின் 29ஆம் பத்தி, பால் வேறுபாட்டை வைத்து அடிப்படை உரிமைகளில் காட்டப்படும் பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கு மாறானது, அதை அகற்ற வேண்டும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் நெருங்கி வருகிறது. நீதி என்பது கடவுளுக்கும் அயலாருக்கும் உரியதைக் கொடுக்கும் உறுதியான மனம் என்கிறது (1807). பிறர் உடைமையை அநியாயமாக எடுப்பதும் வைத்திருப்பதும், நாட்டுச் சட்டத்தை மீறாவிட்டாலும்கூட, களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளைக்கு மாறானது என்கிறது (2409). எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது (2412). அதனால் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம் இதில் ஒன்று இருந்தால், அது நீங்கள் கேட்டது அல்ல.

எங்கள் ஆட்கள் எல்லா இடத்திலும் இதைச் சரியாகச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேரளத்தில், பழைய திருவிதாங்கூர் பகுதிச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு 1916இன் வாரிசுச் சட்டம் ஒன்று இருந்தது. மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற பெண் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, பெண்களுக்குச் சம பங்கு என்று. அங்கே சபைத் தலைவர்கள் பலர் அதை வரவேற்கவில்லை. ஞாயிறுதோறும் நற்செய்தி வாசிக்கும் பீடங்கள் அன்று அந்தப் பெண்களோடு நின்றிருக்க வேண்டும். யூதர் கிரேக்கர் என்றும், அடிமை உரிமைக் குடிமகன் என்றும், ஆண் பெண் என்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அடுத்த வசனத்தில் அவர் எடுக்கும் சொல் ‘உரிமையாளர்கள்’. வாரிசு என்ற சொல்லை வைத்துத்தான் மீட்பையே விளக்குகிறார். விண்ணக வீட்டில் சம வாரிசாக இருப்பவளுக்கு ஜம்பட்டா வீதி வீட்டில் பங்கில்லை என்றால், ஞானஸ்நானத்தைப் பற்றி நாங்கள் என்னதான் நம்புகிறோம்?

என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இப்படித்தான் கையெழுத்து வைத்தார். நான் அப்போது சின்னப்பிள்ளை, மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா காட்டிய இடத்தில் எழுதிவிட்டு, பேனை மூடியைத் தேடி மூடி, பேனையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. மாமா கெட்ட மனுஷரும் அல்ல, ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர். கணவன் இறந்தபின் சின்னம்மா கடைசிவரை வாடகை அறைகளில்தான் இருந்தார். நத்தாருக்குப் பலகாரம் கொண்டு அந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போவார். தான் பிறந்த வீட்டின் கேற்றடியில் மணியை அடித்துவிட்டு, யாராவது வந்து திறக்கும் வரைக்கும் சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு நிற்பார். அந்த நிற்பு எனக்கு மறக்கவில்லை. பிறகு கந்தோரில் இருந்த காலத்தில், நன்கொடை உறுதி எழுத வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், வாசித்து விளங்கிக்கொண்டீர்களா அக்கா என்று இரண்டு தடவை கேட்பேன். சிலர் இல்லை என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். நொத்தாரிசு ஐயா அதற்காக என்னை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. அந்த வரைவில் கையெழுத்து வைக்காதீர்கள். வெறுந்தாளில் ‘சம்மதம்’ என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். காணி உரித்து நொத்தாரிசு முன்னால், சாட்சிகளோடு எழுதினால்தான் கைமாறும், ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் துண்டு நாளைக்கு உங்களுக்கு எதிராகப் பேசும். அப்பாவின் உறுதி இலக்கம் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுங்கள். இரண்டு மரணச் சான்றிதழ்கள், உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், ஆதனவரித் துண்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே கேளுங்கள். உங்களுக்குத் தேசவழமையா பொதுச் சட்டமா என்பதுதான் முதல் கேள்வி, அதை அவர்களிடமே தீர்த்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை வழக்குக் கடைசி வழி. அது வருடக்கணக்கில் இழுக்கும், அண்ணாவையும் உங்களையும் ஒரே வாங்கில் பேசாமல் இருத்தி வைக்கும். அதற்கு முன் பங்குத்தந்தையைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் மதிக்கும் ஒரு பெரியவரை வைத்துப் பேசிப் பாருங்கள். வீட்டை விற்கத் தேவையில்லாமல், தங்கச்சியின் பங்கின் பெறுமதியை அண்ணன்மார் தவணையாகத் தந்து உறுதி எழுதிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். இன்றும் நத்தாருக்கு ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

பேசும்போது அண்ணாவை மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லாதீர்கள். அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்தது அவரும் மச்சாளும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய காரியம், அதையும் கணக்கில் வைக்கலாம், நீங்களே முதலில் அதைச் சொல்லுங்கள். அதற்கு ஈடாக உங்கள் பங்கில் ஏதாவது குறைக்க உங்களுக்கு மனமிருந்தால், குறையுங்கள். எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

வரும் சனிக்கிழமை அண்ணா வீட்டில் செபமாலை முடிந்துதான் கதைப்பதாக இருக்கிறது என்றீர்கள். செபமாலைக்குப் பிறகு ஒரு வாசகம் வாசிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால், அன்று நீங்கள் வாசிக்கக் கேளுங்கள். எண்ணிக்கை 27, முதல் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் வரைக்கும். ஐந்து பெயரையும் அவசரப்படாமல் வாசியுங்கள்.